பல்லவியைத் தாண்டிக் கேட்டால்

கலிபோர்னியாவின் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் இசைக்குழு 1970இல் ‘ரன் த்ரூ தி ஜங்கிள்’ என்றொரு பாட்டை வெளியிட்டது. காட்டுக்குள் உயிர்ப்பயத்துடன் ஓடுவதைப் பற்றிய பாட்டு. கூடவே அடிவயிற்றைக் கலக்கும் கிட்டார். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்தக் காடு வியட்நாம் காடுதான் என்பதில் கேட்டவர்கள் பலருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் எழுதிப் பாடிய ஜான் ஃபோகர்ட்டி பின்னாளில் தந்த விளக்கம் வேறு. அமெரிக்காவில் பெருகிக் கிடக்கும் துப்பாக்கிகளைப் பற்றித்தான் எழுதினேன் என்றார். துப்பு பாட்டுக்குள்ளேயே இருந்தது. அதில் வரும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை 20 கோடி. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்க மக்கள்தொகையும் ஏறக்குறைய அதேதான். ஆளுக்கொரு துப்பாக்கி!

அவரே அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய ‘ஃபார்ச்சுனேட் சன்’ பட்ட பாடு இதற்கு நேரெதிர். அது போரைப் பற்றியதேதான், ஒளிவுமறைவே கிடையாது. அன்று அமெரிக்க இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு விலக்கு கிடைத்தது. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வழிகளும் திறந்தன. கூலிக்காரன் மகனுக்கு அந்த வசதி இல்லை. ஃபோகர்ட்டியே ராணுவ ரிசர்வ் படையில் இருந்தவர். 1968 டிசம்பரில், அதிபராகத் தேர்வாகியிருந்த நிக்சனின் மகள் ஜூலிக்கும் முன்னாள் அதிபர் ஐசனோவரின் பேரன் டேவிட்டுக்கும் நடந்த திருமணம் பற்றிய செய்திகள் அவருக்கு எரிச்சலைக் கிளப்பின. இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் போர்முனைக்குப் போகப் போவதில்லை என்ற கோபம்தான் பாட்டாயிற்று.

பாட்டு கொடி பிடிப்பவர்களைக் குத்திக்காட்டித் தொடங்குகிறது. 2000களின் தொடக்கத்தில் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்துக்கு அந்தத் தொடக்க வரிகளை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். குத்தல் போயிற்று, கொடி மிஞ்சியது. 2020இல் டிரம்பின் பிரசாரக் கூட்டத்தில் அதே பாட்டு ஒலித்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளைச் சாடும் பாட்டை இவர் ஏன் போடுகிறார் என்று குழம்பிய ஃபோகர்ட்டி, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டார்.

போர் எதிர்ப்பு ராக் பாடல்களில் மறைபொருள் தேடுவது அறுபது ஆண்டுகளாக நடக்கும் விளையாட்டு. இல்லாத இடத்தில் போரைக் கண்டுபிடிக்கிறார்கள். இருக்கும் இடத்தில் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் பாட்டின் அமைப்புதான். பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, மனதில் ஒட்டிக்கொள்கிறது, கூட்டம் சேர்ந்து பாடுகிறது. கதையைச் சொல்வதோ சரணம். அது ஒரே ஒருமுறை, டிரம் சத்தத்துக்கு நடுவே வந்து போய்விடுகிறது.

பொருள் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது தேதி. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழுவின் ‘ஃபார் வாட் இட்ஸ் வொர்த்’ இன்றும் வியட்நாம் காலத்துப் போர் எதிர்ப்புப் பாடலாகவே பெயர்பெற்றது. ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் அதை எழுதியதோ லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்டிரிப் தெருவில் 1966 நவம்பரில் நடந்த கலவரத்தைப் பார்த்து. இளைஞர்களுக்கு இரவு ஊரடங்கு போட்டார்கள். பாண்டோராஸ் பாக்ஸ் என்ற கேளிக்கை விடுதியை மூட ஏற்பாடு நடந்தது. பிள்ளைகளும் போலீஸும் மோதிக்கொண்டார்கள். பாப் டிலனின் ‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கானா ஃபால்’ கியூபா ஏவுகணை நெருக்கடியில் பிறந்ததாக நெடுங்காலம் சொல்லப்பட்டது. அதிபர் கென்னடி அந்த நெருக்கடியைத் தொலைக்காட்சியில் அறிவித்தது 1962 அக்டோபர் 22. டிலன் அந்தப் பாட்டைக் கார்னகி ஹாலில் பாடியது சரியாக ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 22 அன்று. பாட்டில் வரும் மழை அணுகுண்டு மழை அல்ல என்று அடுத்த ஆண்டு ஒரு வானொலிப் பேட்டியில் டிலனே மறுத்தார்.

அடுத்த கேள்வி, பாட்டு யார் காதில் விழுந்தது என்பது. 1965இல் தி அனிமல்ஸ் குழு பாடிய ‘வீ காட்டா கெட் அவுட் ஆஃப் திஸ் பிளேஸ்’ பாட்டில் போர் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஏழைக் குடியிருப்பில் பிறந்த ஒருவன் காதலியுடன் எங்காவது தப்பிப் போகத் துடிக்கிறான், அவ்வளவுதான். அது வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் காதுக்குப் போனது. எப்போது வீடு திரும்புவோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே தேசிய கீதமாயிற்று. இங்கே பொருளை வைத்தவர்கள் எழுதியவர்கள் அல்ல, கேட்டவர்கள். அதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்த பாட்டு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.’ 1984இல் வந்த ஆல்பத்தின் அட்டையில் அமெரிக்கக் கொடியின் பட்டைகள். பாட்டில் முரசறைவது போன்ற டிரம், எக்காளம் போல முழங்கும் சின்தசைசர், முஷ்டியை உயர்த்திக் கத்தத் தோதான பல்லவி. அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சியின் ஹாமன்டன் ஊரில் தேர்தல் பிரசாரம் செய்த அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்கள் நம்பிக்கையூட்டுவதாகப் புகழ்ந்தார். சில நாள் கழித்துப் பிட்ஸ்பர்க் மேடையில், அதிபருக்கு என் ஆல்பங்களில் எது பிடித்திருக்குமோ என்று வியந்த ஸ்பிரிங்ஸ்டீன், ஆலை மூடியதால் வேலையிழந்து கொலைகாரனாகும் ஒருவனின் கதையைப் பாடினார்.

சரணங்களைக் கேட்டால் நம்பிக்கைக்கு இடமே இல்லை. உள்ளூரில் வம்பில் மாட்டிய ஒருவன் கையில் துப்பாக்கியைத் திணித்து வியட்நாமுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தால் சுத்திகரிப்பு ஆலையில் வேலை இல்லை. முன்னாள் வீரர்களுக்கான அலுவலகத்திலும் கைவிரிக்கிறார்கள். வியட்நாமின் கே சானில் போரிட்ட சகோதரன் திரும்பவே இல்லை.

அப்படியானால் பல்லவி வெறும் கிண்டலா? இல்லை. பிறந்த மண் மீதுள்ள பெருமையும் அதில் இருக்கிறது என்பதுதான் ஸ்பிரிங்ஸ்டீனின் நிலைப்பாடு. அந்தப் பெருமை பொய்யாக இருந்திருந்தால் சரணம் இவ்வளவு வலித்திருக்காது.

1982 ஜனவரியில் அவர் வீட்டிலேயே ஒற்றைக் கிட்டாருடன் இதைக் கேசட்டில் பதிவு செய்திருந்தார். முரசும் எக்காளமும் இல்லாத அந்த வடிவம் 1998இல் ‘டிராக்ஸ்’ தொகுப்பில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1995இல் தொடங்கிய தனிக் கச்சேரிப் பயணத்தில், இசைக்குழுவை விட்டுவிட்டுக் கிட்டாரோடு மட்டும் மேடையேறி இதே பாட்டை இறுக்கமான குரலில் பாடினார். முஷ்டியை உயர்த்திக் கத்த அதில் இடமே இருக்கவில்லை.