அகலச் சக்கரம்: அழகா, ஆபத்தா?

திருப்பூரில் பனியன் துணி வாங்குகிறவர் முக்கியமாகப் பார்ப்பவை இரண்டு. ஒன்று துணியின் எடை; மற்றொன்று அதன் 'டயா'. வட்டப் பின்னல் யந்திரத்திலிருந்து குழாய் போல் இறங்கும் துணியின் அகலத்தையே அங்கே 'டயா' என்று சொல்கிறார்கள். அந்த அகலத்தை இழுத்துக் காட்டுவது பெரிய வித்தையல்ல. ஆனால் அளவுக்கு மீறி இழுத்து முடித்த துணி முதல் சலவையிலேயே தன் குணத்தைக் காட்டிவிடும். அகலம் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அது நிலைத்து நிற்கவும் வேண்டும் என்பது அங்குள்ள சின்னப் பையனுக்கும் தெரிந்த பாடம்.

மோட்டார் கார்ச் சக்கரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். தொழிற்சாலை கொடுத்த இரும்புச் சக்கரத்தை வட்டமாக அறுத்து, நடுவே ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்து, பருத்த டயரை மாட்டிக்கொள்ளும் ஆசை இளைஞர்களுக்கு உண்டு. பழைய அம்பாசிடர், மாருதி 800, ஜீப் ஆகியவற்றை வைத்திருப்போரிடம் இந்த ஆசை அதிகம். இதைச் செய்ய முடியுமா என்றால், தாராளமாக முடியும். செய்யலாமா என்பதுதான் கேள்வி.

பட்டறைகள் வளர்ந்த கதை

1888ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே 1888இல்தான் கோயமுத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை நூற்பாலையை ஆரம்பித்தார். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவுமில்லை. ஆயினும் டயரும் ஆலையும் இந்த வட்டாரத்தில் பிற்பாடு ஒன்றையொன்று சந்தித்தன.

1930களில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் வந்து சேர்ந்ததும் கோவையைச் சுற்றி ஆலைகள் பெருகின. ஆலை இருந்தால் யந்திரம் பழுதாகும். யந்திரம் பழுதானால் கடைசல் யந்திரமும் வெல்டிங்கும் வேண்டும். இப்படித்தான் கோவை, திருப்பூர், பல்லடம் பக்கங்களில் லேத் பட்டறைகள் வேர்விட்டன. பின்னல் யந்திரத்தின் நுணுக்கமான உதிரிப்பாகத்தையே கடைந்து கொடுக்கிற கைக்கு ஒரு கார்ச் சக்கரம் எம்மாத்திரம்? திறமைக்குக் குறைவில்லை. அந்தத் திறமை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

பந்தயத்தில் பிறந்த ஆசை

அகலச் சக்கர மோகம் பந்தய மைதானத்தில் பிறந்தது. இங்கிலாந்தின் 'மினி' காருக்கு 10 அங்குலச் சக்கரம். அதன் அகலமோ மூன்றரை அங்குலமே. 1963இல் வந்த 'கூப்பர் எஸ்' என்ற வேக ரகத்துக்கு, வேண்டுவோர் நாலரை அங்குல அகலச் சக்கரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர்களே ஏற்பாடு செய்தார்கள். அந்தக் 'கூப்பர் எஸ்' 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் பேர்பெற்ற மான்டி கார்லோ பந்தயத்தில் வெற்றி பெற்றது. குட்டிக் கார் பெரிய கார்களைத் தோற்கடித்ததைக் கண்டு உலகமே வியந்தது.

நம் பக்கத்திலும் பந்தயம் இருந்தது. 1953இல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. யுத்த காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில் பியட், ஹெரால்டு போன்ற சாதாரணக் கார்களைச் சீர்திருத்தி ஓட்டினார்கள். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. உள்ளூர்ப் பட்டறையில் எதைச் செய்ய முடியுமோ அதுவே பந்தய வீரனின் பொக்கிஷம்.

கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1980களின் பிற்பகுதியில் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டே 'பார்முலா மாருதி' என்ற பந்தயக் காரை உருவாக்கினார். அந்த ரகக் காரில் பழகியவர்களில் ஒருவர்தான் 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் வாலிபர்களுக்குச் சக்கர மோகம் வராமலிருந்தால்தான் ஆச்சரியம்!

அறுப்பதும் ஒட்டுவதும்

இரும்புச் சக்கரம் ஒரே துண்டு போலத் தோன்றினாலும் அதில் இரண்டு பாகங்கள் உண்டு. போல்ட்டுகள் இறங்கும் நடுத்தட்டு ஒன்று. டயர் உட்காரும் வளையமாகிய 'ரிம்' மற்றொன்று. இரண்டையும் தொழிற்சாலையில் பற்றவைத்திருப்பார்கள். ரிம்மின் குறுக்கே பார்த்தால் இரு ஓரங்களிலும் உயர்ந்த விளிம்பு, அதையடுத்து டயரின் கம்பி விளிம்பு இறுகி அமரும் இருக்கை, நடுவே ஒரு பள்ளம் ஆகியவை தெரியும். அந்தப் பள்ளம் வீணுக்கு வைத்ததல்ல. டயரின் ஒரு பக்கத்தை அதில் இறக்கினால்தான் மறுபக்கத்தை விளிம்புக்கு மேல் ஏற்ற முடியும்.

அகலமாக்குகிறவர் சக்கரத்தை லேத்தில் மாட்டி, பள்ளத்துக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட சமமான பகுதியில் வட்டமாக அறுக்கிறார். அதே கனமுள்ள இரும்புத் தகட்டை வளையமாக உருட்டி நடுவே பொருத்திச் சுற்றிலும் பற்றவைக்கிறார். பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, ஆட்டம் இருக்கிறதா என்று அளவுக் கருவியால் பார்க்கிறார். வெல்டிங்கின் சூட்டில் இரும்பு நெளிவது இயல்பு. அந்த நெளிவை எடுக்காவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். டியூப் இல்லாத டயராக இருந்தால் இன்னொரு தொல்லை. வெல்டிங்கில் ஊசிமுனைத் துவாரம் இருந்தாலும் காற்று மெதுவாக வெளியேறிவிடும்.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். மாருதி 800இன் சக்கரம், டயரோடு சேர்த்து, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் உருளும். திருப்பூரிலிருந்து கோவைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஒரு முறை போய்ச் சேருவதற்குள் சக்கரம் 31,000 தடவைக்கு மேல் சுழன்றுவிடும். ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த வெல்டிங் ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. பள்ளமும் மேடும் வந்தால் இன்னும் பலமாக வளைகிறது. கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துபோவதை யார்தான் பார்த்ததில்லை? இதனால்தான் சக்கரத் தொழிற்சாலைகளில் மாதிரிச் சக்கரங்களை லட்சக்கணக்கான சுற்றுகள் பாரத்தோடு சுழற்றிச் சோதித்த பிறகே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். பட்டறையில் செய்த சக்கரத்துக்கு அந்தப் பரீட்சை சாலையில்தான் நடக்கிறது. பரீட்சை எழுதுவதோ காரில் உட்கார்ந்திருக்கும் குடும்பம்!

ஓர் அங்குலம் செய்யும் வேலை

வெல்டிங் நன்றாகவே அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சேர்த்த அகலம் எந்தப் பக்கத்தில் சேர்ந்தது என்பது அடுத்த கேள்வி.

இரண்டு அங்குலத்தை வெளிப்பக்கமாகவே சேர்த்தால் சக்கரத்தின் நடுக்கோடு ஓர் அங்குலம் வெளியே தள்ளிப்போகும். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் காரின் பாரம் அச்சுக்கு அப்பால் நகர்ந்துவிடுவதால் பேரிங்குகள் சீக்கிரம் தேயும், ஸ்டீயரிங் கனக்கும், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் கையிலிருந்து ஸ்டீயரிங் வெட்டி இழுக்கும். உள்பக்கமாகவே சேர்த்தால் டயர் ஸ்பிரிங்கிலோ ஸ்டீயரிங் தண்டிலோ உராயும். இருபுறமும் ஓரோர் அங்குலம் பகிர்ந்து சேர்த்தால் மட்டுமே நடுக்கோடு பழைய இடத்தில் நிற்கும். அதற்கும் காரில் இடம் இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியும், காரில் முழுப் பாரம் ஏற்றியும் பார்க்காமல் இடம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

உள்ளங்கை அளவு நிலம்

பருத்த டயர் போட்டால் அதிக நிலத்தைப் பிடிக்கும் என்பது பலரது எண்ணம். இது பாதி உண்மைதான். ஆட்களோடு 800 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 200 கிலோ பாரம். டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தம் இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 100 சதுர சென்டிமீட்டர். அதாவது ஓர் உள்ளங்கை அளவு. காற்றின் அழுத்தம் மாறாதவரை, டயர் அகலமானாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது.

இதனால் வளைவில் பிடிப்பு நன்றாயிருக்கும் என்பது வாஸ்தவம். பந்தயக்காரர்கள் விரும்புவதும் இதற்காகவே. ஆனால் மழைநீர் தேங்கிய சாலையில் அகல டயர் தண்ணீரை விலக்க அதிகமாகத் திணறும். வேகத்தில் நீரின் மேலேயே மிதந்து வழுக்கும்.

மற்றொன்று, டயரின் உயரம். மாருதி 800இன் டயரில் 145/70 ஆர் 12 என்று எழுதியிருக்கும். அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 70 பங்கு, ரிம்மின் குறுக்களவு 12 அங்குலம் என்பது பொருள். டயரின் மொத்தக் குறுக்களவு சுமார் 508 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 165/70 போட்டால் 536 ஆகிவிடும். வேகமானியில் 60 என்று காட்டும்போது கார் 63க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். 165/60 போட்டால் 503; வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுதான். அகலம் கூடினால் பக்கச் சுவர் குறைய வேண்டும் என்பது இதன் சூட்சுமம்.

சட்டத்தின் சொல்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செய்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பந்தயப் பாதை வேறு. லாரியும் பஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளும் செல்லும் அவினாசி சாலை வேறு.

ஆசையை அடக்க முடியாதவர்களுக்கும் நல்ல வழி இல்லாமலில்லை. தம்முடைய காரின் உயர்ந்த ரகத்துக்குத் தயாரிப்பாளரே கொடுக்கும் அகலமான சக்கரம் இருந்தால், அதையே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ரிம்மின் அகலத்துக்கு எந்த டயர் ஏற்றது என்று டயர்க் கம்பெனியின் அட்டவணையைப் பார்க்கலாம். செலவு சற்று அதிகம்தான். ஆனால் அறுத்து ஒட்டிய சக்கரம் ஒடிந்தால் ஆகும் செலவை எந்தப் பட்டறையிலும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது.

துணியின் அகலத்தில் தவறு நேர்ந்தால் சரக்கு திரும்பி வரும், நஷ்டத்தோடு போகும். சக்கரத்தின் அகலத்தில் தவறு நேர்ந்தால் போன ஆள் திரும்பி வருவாரா? அளவறிந்து அகலம் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.