மல்லியின் காது

குதிரை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “கிண்டி ரேஸ் மாதிரியா?” இல்லீங்க. எங்கள் டெக்சாஸ் பக்கம் பேரல் ரேஸிங் என்று ஒன்று உண்டு. களத்தில் முக்கோணமாக மூன்று பீப்பாய்கள். முதல் இரண்டுக்கும் இடையே 90 அடி, அங்கிருந்து மூன்றாவதற்கு 105 அடி. ஒவ்வொரு குதிரையாக ஓடிவந்து மூன்றையும் சுற்றிவிட்டு, வந்த வழியே பறக்க வேண்டும். பீப்பாயைத் தட்டிவிட்டால் 5 விநாடி அபராதம். நன்றாகப் பழகிய ஜோடிக்கு மொத்தமே 17 விநாடி சொச்சம்தான். ரோடியோவில் இது பெண்களின் ஆட்டம். 1948-இல் சான் ஆஞ்சலோவில் பெண்களே கூடிச் சங்கம் அமைத்து வளர்த்தது.

மகள் பிறந்ததால் எனக்குப் பதினாறு மாதம் இடைவெளி. மல்லி என் பதினோரு வயது குவார்ட்டர் ஹார்ஸ். நான் வராத நாட்களில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த குதிரையோடு சிநேகமாகி, மேய்ந்து, சுகமாக இருந்திருக்கிறாள். அவளுக்கு மாதாமாதம் கட்டும் பணம் குழந்தையின் டேகேர் பில்லோடு போட்டி போட்டது. “டிசம்பர் வரைக்கும் பார்ப்போம், சரிப்படலைன்னா வித்துடலாம்” என்று கணவரும் நானும் பேசி வைத்தோம். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

திரும்ப ஏறிய முதல் நாளே தெரிந்துவிட்டது. உடம்பு என்னிடம், மனசு வேலிக்கு அந்தப்பக்கம். வாசலை நெருங்கினாலே தோள் அந்தப் பக்கம் சாயும். தோழியைக் கூப்பிட்டுக் கனைப்பாள். மூன்றாம் நாள் ஒரு தார்ப்பாய் காற்றில் படபடத்தது, மல்லி பக்கவாட்டில் குதித்தாள், நான் கீழே. முழங்கால் பீப்பாயில் இடித்து ஒரு வாரம் வீக்கம். எழுந்து பார்த்தால் அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கால் வலியை விட அது அதிகமாக வலித்தது.

ஸ்கேம்ப்பர் என்ற குதிரையின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1985-இல் லாஸ் வேகஸில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் ஓட்டத்தின் நடுவே கடிவாளம் கழன்றுவிட்டது. அப்படியும் அது மூன்று பீப்பாய்களையும் சுற்றி அந்தச் சுற்றை ஜெயித்துக் கொடுத்தது. என் மகராசிக்குக் கடிவாளம் வாயில் இருக்கும்போதே பீப்பாய் கண்ணில் படவில்லை.

எனக்குச் சொல்லித்தரும் அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு, “அவ எங்கே பார்த்தான்னு சொல்றே, சரி. நீ எங்கே பார்த்தே?” என்றார். என் போனிலேயே வீடியோ எடுத்தும் காட்டினார். இரண்டாவது பீப்பாய்க்கு வரும்போதெல்லாம் என் தலை வேலிப் பக்கம் திரும்புகிறது. அங்கேதான் ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். தலை திரும்பினால் இடுப்பும் கூடவே திரும்பும், எடை ஒரு பக்கம் சாயும். குதிரைக்கு அது உத்தரவு. லாகைப் பார்க்காமலே ஹார்டுவேர் மேல் பழி போட்ட கதை. முழுப் பழியும் என்னுடையது என்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன், தோழிப் பைத்தியம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது.

ஆறு வாரம் வேகமே கிடையாது. நடை, பிறகு ட்ராட், அவ்வளவுதான். ஒவ்வொரு பீப்பாய்க்கும் முன்னால் நிறுத்தி, இரண்டு அடி பின்னால் நகர்த்தி, அவள் மூச்சு விடும்வரை காத்திருப்பேன். காது வெளியே போனால் லகானை இழுத்துச் சண்டை போடாமல் சின்ன வட்டம் சுற்ற வைப்பேன். காலுக்கு வேலை வந்தால் கவனம் திரும்பும். ஒரு காது என் பக்கம் மடங்கியதும் உடனே லகானைத் தளர்த்திவிடுவேன். வாசல் பக்கம் போனால் வேலை, அதற்கு எதிர்க்கோடியில்தான் ஓய்வு. பயிற்சி முடிந்ததும் நேரே தோழியிடம் விடாமல் அரை மணி நேரம் அங்கேயே கட்டி வைப்போம். முதல் வாரம் குளம்பால் மண்ணைத் தோண்டித் தள்ளினாள். போகப் போக ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டு தூங்கவே ஆரம்பித்தாள்.

என் போன் வண்டியிலேயே இருக்கும். அம்மாவையும் குழந்தையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம். அவங்க அங்கேயே நிக்கட்டும், நீ பார்க்காமப் பழகு” என்றார். அது மல்லிக்குச் சொல்லிக்கொடுத்ததை விடக் கஷ்டமாக இருந்தது.

நவம்பரில் ஒரு உள்ளூர்ப் போட்டிக்குப் போனோம். போட்டி தொடங்கும் முன், சின்னக் கட்டணம் கட்டினால் அதே களத்தில் ஒருமுறை பழகிப் பார்க்கலாம். நான் ட்ராட்டிலேயே போனேன். “எல்லாரும் பறக்குறாங்க, நீ மட்டும் ஏண்டி ஊர்கோலம் போறே?” என்று அம்மா வேலியிலிருந்து கத்தியது காதில் விழுந்தது. திரும்பவில்லை. இரண்டாவது பீப்பாயில் மல்லி ட்ரெய்லர்கள் பக்கம் பார்த்து ஒருமுறை கனைத்தாள். நான் மூன்றாவது பீப்பாயைப் பார்த்தேன். அவளுடைய இடது காது மெல்ல என் பக்கம் மடங்கியது.

நேரத்தை யாரும் குறிக்கவில்லை. டிசம்பர் பேச்சையும் வீட்டில் இதுவரை யாரும் எடுக்கவில்லை.