கடைசி ஒரு சாண் உயரம்

லண்டன் நிலக்கீழ் ரயிலில் ஒரு தடவையாவது போய்வந்தவர்களுக்கு "இடைவெளியைக் கவனியுங்கள்" என்ற அறிவித்தல் மறந்திருக்காது. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஒலிக்கும் குரல் அது. நடக்கக்கூடியவர்களுக்கு அது வெறும் எச்சரிக்கை. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிடலாம்.

1863 இல் நீராவி வண்டிகளோடு தொடங்கிய சேவை இது. 1890 இல் ஆழச் சுரங்கங்களில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மேலே ஓடும் பாதைகளுக்குப் பெரிய வண்டிகள், ஆழச் சுரங்கத்துக்குச் சிறியவை. இரண்டின் தரைமட்டமும் வேறு. ரேனர்ஸ் லேனிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் வரை இரண்டு வகையும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. மேடையின் உயரம் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் ஒன்றுக்கு ஏறவும் மற்றதற்கு இறங்கவும் வேண்டும். நம்மவர்கள் பெருமளவில் வாழும் ஹரோவுக்குப் பக்கத்துப் பகுதிதான் இது.

மொத்தம் 272 நிலையங்கள். அவற்றில் படியில்லாமல் போய்வரக்கூடியவை ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரயில் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இரண்டு வகையாக இருக்கும். வெள்ளை வட்டமென்றால் வீதியிலிருந்து மேடை வரைக்கும் படியில்லை. நீல வட்டமென்றால் ரயிலுக்குள்ளேயே போய்விடலாம். மின்தூக்கி போட்டாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு நிறங்களையும் பார்க்கவேண்டும்.

பாரிசவாதத்தால் நடக்க முடியாமற்போன என் அக்காவின் மாமியை, கிங்ஸ் குறொஸிலிருந்து கிரீன் பார்க் வரை விக்டோரியா பாதையில் கூட்டிப்போனேன். மேடையின் ஒரு பகுதி மட்டும் மெல்ல உயர்ந்து, சிறிது தூரம் சமமாகச் சென்று, மறுபடி தாழ்ந்திருந்தது. கதவு திறந்ததும் நாற்காலி நேரே உள்ளே போய்விட்டது. "பிள்ளை, இண்டைக்கு என்னை ஒருத்தரும் தூக்கேல்லை" என்றார் மாமி. பிள்ளைகளும் மருமக்களும் தூக்கித் தூக்கியே கூச்சப்பட்டுப்போன ஒரு பெண்ணின் பேச்சு அது.

முழு மேடையையும் ஏன் உயர்த்தவில்லை என்று கேட்கலாம். உயர்த்தினால் படிக்கட்டு, நடைவழி, கதவு எல்லாவற்றின் மட்டமும் மாறவேண்டும். பழைய சுரங்க நிலையங்களில் அது பெரும் செலவு, பெரும் வேலை. சக்கர நாற்காலிக்கு இடமுள்ள பெட்டி நிற்கும் பகுதியை மட்டும் உயர்த்தினால் போதும். இதற்கு ஒரு நிபந்தனை: வண்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கவேண்டும். 1968 இல் திறந்த நாள் தொட்டு விக்டோரியா பாதையில் வண்டிகள் தானியங்கி முறையில் ஓடுவதால் அங்கே அது எளிது. வளைந்த மேடைகளில் இந்த உபாயம் முழுப் பலன் தராது. உயரம் சரிவந்தாலும் பக்கவாட்டில் இடைவெளி நின்றுவிடும்.

அப்படியான இடங்களில் ஊழியர் ஒருவர் சாய்பலகை வைத்து ஏற்றிவிடுவார். 2012 ஒலிம்பிக், பராலிம்பிக் போட்டிகளையொட்டி நிலக்கீழ் நிலையங்கள் சிலவற்றில் தொடங்கிய ஏற்பாடு இது. நல்லதுதான். ஆனால் ஏற்றிவிட்டவர் இறங்கும் நிலையத்துக்கும் அறிவிக்கவேண்டும், அங்கே பலகையோடு ஒருவர் காத்திருக்கவேண்டும். நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போவது என்பது இதில் இல்லை. 2022 இல் திறந்த எலிசபெத் பாதையில்கூட எல்லா நிலையங்களிலும் மேடையும் வண்டியும் சரிமட்டம் அல்ல. பழைய தண்டவாளத்தில் அமைந்த பல நிலையங்களில் இன்னமும் பலகைதான்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருக்கும் தாயையும், முழங்கால் வலியோடு சாமான் பை தூக்கும் பெண்ணையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு யாரும் பலகை கொண்டுவருவதில்லை. உயர்த்திய மேடையோ யாரையும் கேட்காமல் அவர்களுக்கும் உதவுகிறது.

இங்கே 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொது இடங்களை வலுவிழந்தோர் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. புகையிரதப் பெட்டிக்குள் போக இன்னமும் படியேறத்தான் வேண்டும். நான் வேலைசெய்யும் பகுதியில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்கள் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் புகையிரதத்தில் போவதில்லை. ரிக்கற் காசைப்போலப் பல மடங்கு கொடுத்து முச்சக்கரவண்டி பிடிக்கிறார்கள். அந்தக் காசு கையில் இல்லாத மாதத்தில் கிளினிக் திகதி தவறிவிடுகிறது.