மௌன நோயை எதிர்க்கும் மாணவர் படை

மஞ்சள் காமாலை என்றவுடன் மஞ்சளாகும் கண்களும், பத்தியச் சாப்பாடும், கீழாநெல்லிச் சாறும் நம் நினைவுக்கு வருகின்றன. சில வாரங்களில் குணமாகிவிடும் நோய் என்றே நம்மில் பலரும் அதனைக் கருதுகிறோம். ஆனால், கல்லீரலைத் தாக்கும் கிருமிகளுள் ஒன்று கண்ணை மஞ்சளாக்காமலும் பசியைக் கெடுக்காமலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் உடலுக்குள் ஒளிந்திருக்கக்கூடியது. அதுவே 'ஹெபடைடிஸ் பி' என்னும் வைரஸ்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் 25 கோடியே 40 இலட்சம் மக்கள் இக்கிருமியை நாட்பட்ட நிலையில் சுமந்திருந்தனர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் இதனால் உயிரிழந்தனர். கல்லீரல் சுருக்கமும் கல்லீரல் புற்றுநோயுமே அம்மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம்.

இத்தகைய நோயை எதிர்த்து, அமெரிக்காவில் குடியேறிய ஆசிய மக்களிடையே கல்லூரி மாணவர்கள் ஆற்றிய தொண்டு நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

ஆசியர்களுக்கு ஏன் இந்த அச்சம்?

இக்கிருமி ஆசியாவில் பெரும்பாலும் பரவியது தாயிடமிருந்து குழந்தைக்கே. பிறக்கும் வேளையில் இது தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளின் உடலில் நிலையாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களைத் தொற்றும்போதோ, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தாமாகவே நலமடைந்து விடுகின்றனர். ஆகவே இந்நோயுடையோரை ஒழுக்கம் தவறியவர்கள் என்று ஐயுறுவது பெரும் அநீதியாகும். பலர் இதனைப் பெற்றது தாயின் கருவறையிலிருந்து இவ்வுலகுக்கு வந்த அந்த நாளிலேதான்.

சீனா, வியட்நாம், கொரியா முதலிய நாடுகளிலிருந்து அமெரிக்கா சென்ற குடும்பங்கள், தம்மை அறியாமலே இக்கிருமியையும் உடன் கொண்டு சென்றன. அந்நாட்டு மக்கள் தொகையில் ஆசிய வம்சாவளியினர் நூற்றுக்கு ஏழு பேர் அளவினரே. ஆயினும் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உடையோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்களே.

பச்சை நாடா இயக்கம்

1996ஆம் ஆண்டு, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் சாமுவேல் சோ என்னும் அறுவை மருத்துவர் 'ஆசியக் கல்லீரல் மைய'த்தை நிறுவினார். 2001இல் அம்மையம் 'ஜேட் ரிப்பன்' எனப்படும் பச்சை நாடா இயக்கத்தைத் தொடங்கியது. மரகதப் பச்சை நிறமுடைய அந்த நாடா, சீன மொழியில் 'மனிதன்' என்பதைக் குறிக்கும் எழுத்தின் வடிவில் மடிக்கப்பட்டிருந்தது. இம்மையத்தின் தூண்டுதலால் பல பல்கலைக்கழகங்களில் 'டீம் எச்.பி.வி.' என்ற பெயரில் மாணவர் கிளைகள் தோன்றின.

சான்பிரான்சிஸ்கோ நகரில் மருத்துவம், மருந்தியல், செவிலியம் பயிலும் மாணவர்கள் ஒன்றுகூடி, குடியேறியவர்களுக்கு இலவசப் பரிசோதனையும் தடுப்பூசியும் வழங்கினர். சாக்ரமெண்டோ நகரில் 1972 முதல் இயங்கிவரும் பால் ஹோம் ஆசிய மருத்துவ நிலையமும் மாணவர்களாலேயே நடத்தப்படுவது. மருத்துவர்களின் மேற்பார்வையில் மருத்துவ மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்க, இளங்கலை மாணவர்கள் மொழிபெயர்ப்பாளராக உடன் நிற்கின்றனர்.

இந்த மொழிபெயர்ப்பைச் சிறு உதவியென்று கருதிவிடக் கூடாது. ஆங்கிலம் அறியாத ஒரு முதியவருக்கு, இரத்தத்தில் கிருமி உள்ளது என்ற செய்தியை அவர் பெற்ற மகனே பெயர்த்துச் சொல்ல நேர்ந்தால், தகப்பன் கேட்கத் தயங்குவார். மகன் சொல்லத் தயங்குவான். அவ்விடத்தில், அவர் மொழி பேசும் அயலாரின் பிள்ளையொருவன் மரியாதையுடன் அமர்ந்து விளக்கினால் அவர் மனந்திறந்து கேட்பார்.

நோயினும் கொடியது கூச்சம்

பரிசோதனைக்குத் தேவை சிறிதளவு இரத்தமே. இருந்தும் மக்கள் ஏன் முன்வருவதில்லை? உடலில் நோவு இல்லாதபோது மருத்துவரிடம் செல்வானேன் என்ற எண்ணம் ஒரு காரணம். வெளியே தெரிந்தால் வேலை போகும், பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சம் மற்றொரு காரணம்.

அவ்வச்சம் வீணானதும் அன்று. வேலைக்கும் கல்விக்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்கக் கூடாதென்று சீன அரசு ஆணையிட்டது 2010இல்தான். அமெரிக்காவிலேயே, நியூஜெர்சி மாநிலத்தில், மருத்துவக் கல்விக்குத் தேர்வான இரு ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு இந்நோயைக் காரணம் காட்டி இடம் மறுக்கப்பட்டது. அந்நாட்டு நீதித்துறை தலையிட்டு, 2013இல் அவர்களுக்கு உரிமையும் இழப்பீடும் பெற்றுத் தந்தது.

இந்தக் கூச்சத்தை உடைக்கத் துணிவுடையோர் வேண்டியிருந்தனர். 2007இல் சான்பிரான்சிஸ்கோவில் ஹெபடைடிஸ் பி ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, கலிபோர்னியச் சட்டமன்ற உறுப்பினராயிருந்த பியோனா மா, தமக்கே இந்நோய் உண்டு என்றும், தாயிடமிருந்து தமக்கு வந்தது என்றும் பகிரங்கமாக அறிவித்தார். அவர் பின்னர் 2019இல் அம்மாநிலத்தின் கருவூலத் தலைவராகவும் பொறுப்பேற்றார். நோய் அவருடைய முன்னேற்றத்திற்குத் தடையாக நிற்கவில்லை.

வெல்லக்கூடிய நோய்

1960களில், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது இக்கிருமியின் அடையாளத்தைக் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பர்க். அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூலை 28ஆம் நாளே உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

1984இல் தைவான் அரசு பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடத் தொடங்கியது. 1997இல் வெளியான ஆய்வு, அந்நாட்டுச் சிறார்களிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டதைக் காட்டியது. ஒரு தடுப்பூசி புற்றுநோயையும் தடுக்கும் என்பதை உலகம் இதன்மூலம் கண்டுகொண்டது.

ஏற்கெனவே தொற்றுள்ளவர்களுக்குத் தடுப்பூசி பயனளிக்காது. எனினும் அவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கிருமியை அடக்கிவைக்கும் மாத்திரைகள் உள்ளன. எல்லோருக்கும் அவை உடனே தேவைப்படுவதில்லை. மருத்துவரின் தொடர் கண்காணிப்பு அனைவருக்கும் தேவை.

நம் இல்லங்களில்

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரின் மருத்துவச் சோதனையில் இந்நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் அடங்கும். விசாவுக்காகக் கடன் வாங்கி நிற்கும் இளைஞர், தமக்கு இக்கிருமி இருப்பதை அப்போதுதான் முதன்முதலாக அறிகிறார். பயணம் நின்ற துயரத்தில் அந்த அறிக்கையைப் பெட்டிக்குள் மறைத்து வைத்துவிடுகிறார். மறைக்கப்பட வேண்டிய காகிதமன்று அது. மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியது. மனைவி மக்களுக்கும் பரிசோதனை செய்து, தொற்று இல்லாதோருக்குத் தடுப்பூசி இட்டால் ஒரு குடும்பமே காப்பாற்றப்படும்.

ஒரே சஹனில் அமர்ந்து உண்பதாலும், முஸாபஹா செய்வதாலும், குழந்தையைக் கொஞ்சுவதாலும் இது பரவாது. இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். எனவே சவரக்கத்தி, பல்துலக்கி ஆகியவற்றைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாகாது. கத்னா செய்யவும் காது குத்தவும் பயன்படும் கருவிகள் முறைப்படி தூய்மை செய்யப்பட்டவையா என்று கேட்கப் பெற்றோர் கூச்சப்படக் கூடாது.

கருவுற்ற பெண்கள் இப்பரிசோதனையைத் தவறாது செய்துகொள்ள வேண்டும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி இடப்பட வேண்டும். நம் நாட்டின் அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே இடப்படுகிறது. 2018இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ்ப் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

நம் ஊர்களிலும் மருத்துவமும் செவிலியமும் பயிலும் பிள்ளைகள் இன்று பலர் உள்ளனர். விடுமுறையில் வீடு திரும்பும் அவர்கள், தம் தெருவிலுள்ள கர்ப்பிணிகளின் இல்லங்களுக்குச் சென்று, பிறந்த அன்றே ஊசி போடச் சொல்லலாம். அதற்குக் கட்டடமும் வேண்டாம், பெருநிதியும் வேண்டாம். ஜமாஅத்தார் அவர்களை ஊக்குவித்து, இப்பணிக்குத் துணை நிற்க வேண்டும்.