பிரான்ஸிலிருந்து வந்த பழைய ஒயினை எப்படி வைப்பது, எப்படிச் சுவைப்பது?

பிரான்ஸில் குடியேறிய சித்தப்பா விடுமுறைக்குச் சென்னையில் வந்து இறங்குகிறார். கள்ளக்குறிச்சியில் உங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைத் தருகிறார். லேபிளில் 2005 என்று போட்டிருக்கிறது. “நல்ல பழைய ஒயின், பத்திரமா வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதை எங்கே வைப்பது, எப்போது திறப்பது, கெட்டிருந்தால் எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2005 என்பது காலாவதித் தேதியா?

இல்லை. அந்த ஒயினுக்கான திராட்சையைப் பறித்த ஆண்டு. அதோடு போர்தோ, பர்கண்டி என்று ஊர்ப்பெயரும் இருக்கும். பிரான்ஸில் ஒயினுக்கு ஊர்ப்பெயர்தான் முதல் அடையாளம். போர்தோவின் மெதோக் பகுதித் தோட்டங்களை 1855-இல் ஐந்து தரமாகப் பிரித்தார்கள். மிகச் சில மாற்றங்களோடு அந்தப் பட்டியல் இன்றும் நிற்கிறது.

ஒயின் பழசானால் ஏன் சுவை கூடுகிறது?

காரணம் டானின் (திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்). கல்வராயன் மலையில் பொறுக்கும் கடுக்காயைக் கடித்தால் வாய் இழுக்கிறதே, அதற்கும் டானின்தான் காரணம். புது ஒயினில் இந்தத் துவர்ப்பு தூக்கலாக இருக்கும். ஆண்டுகள் போகப்போக டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகி, வண்டலாக அடியில் தங்கும். மேலே இருக்கும் ஒயின் மென்மையாகும். புதுப் பழ வாசனை குறைந்து, உலர்ந்த பழம், புகையிலை, தோல், மழை நனைத்த காட்டு மண் போன்ற வாசனைகள் வரும்.

அப்படியானால் எந்த ஒயினையும் பல ஆண்டு வைக்கலாமா?

கூடாது. உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகச் செய்யப்படுவது. டானினும் புளிப்பும் போதுமான அளவு உள்ள சில ஒயின்களே பதினைந்து, இருபது ஆண்டு தாங்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயினை எடுத்துவைப்பதில் பலன் இல்லை. பிராந்தியும் விஸ்கியும் மரப்பீப்பாயில் இருக்கும்வரைதான் மாறும். பாட்டிலில் அடைத்தபின் எத்தனை ஆண்டு வைத்தாலும் மெருகேறாது.

நம் வீட்டில் எங்கே வைப்பது?

பழுக்கவிடும் ஒயினுக்கு 12 முதல் 14 டிகிரி செல்சியஸ், இருட்டு, அசைவில்லாத இடம், கொஞ்சம் ஈரப்பதம் தேவை. கார்க் காயாமலிருக்கப் பாட்டிலைப் படுக்கவைப்பார்கள். கார்க் காய்ந்தால் சுருங்கும். காற்று உள்ளே போய் ஒயின் கெடும்.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதற்கு வழியே இல்லை. அலமாரியிலோ பரணிலோ ஒரு கோடை முழுக்க வைத்தால், இருபது ஆண்டு காத்த ஒயின் சில வாரங்களில் வெந்துபோகும். கார்க் வெளியே தள்ளியிருந்தாலோ பாட்டில் கழுத்தில் ஒயின் கசிந்திருந்தாலோ சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம்.

மலைமேல் குளிர்ச்சிதானே, வெள்ளிமலையில் சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாமா?

அங்கே இரவு குளிரும், பகல் சுடும். நாள்தோறும் ஏறி இறங்கும் வெப்பமும் ஒயினுக்கு ஆகாது. பிரான்ஸில் நிலத்தடி அறைகளில் வைப்பது, ஆண்டு முழுக்க ஒரே அளவாகக் குளிர்ந்திருக்கும் என்பதற்காக. நமக்குக் கைக்கெட்டிய வழி ஃப்ரிட்ஜின் அடித்தட்டுதான். அங்கே சில மாதம் இருக்கலாம். அதற்குமேல் உலர்ந்த குளிரில் கார்க் காய்ந்துவிடும். ஆகவே அடுத்த விசேஷத்துக்கே திறந்துவிடுங்கள். மகள் கல்யாணம்வரை காக்கவைக்காதீர்கள்.

திறப்பதற்குமுன் என்ன செய்ய வேண்டும்?

முதல்நாளே பாட்டிலை ஃப்ரிட்ஜுக்குள் நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் இறங்கட்டும். மறுநாள் சுமார் ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். “சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்” என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பிய அறையின் வெப்பம்: 16 முதல் 18 டிகிரி. நம் கூடத்தின் 32 டிகிரியில் சாராய நெடி மட்டுமே மூக்கில் ஏறும்.

பழைய கார்க் நொறுங்கும். திருகியை நேராக இறக்கி மெதுவாக இழுங்கள். உடைந்து உள்ளே விழுந்தாலும் கவலை வேண்டாம், சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டலாம். பாட்டிலைக் குலுக்காமல் ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மெல்லச் சாயுங்கள். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் இருந்தால் வண்டல் வருவது தெரியும். வந்ததும் நிறுத்துங்கள்.

இனி சுவைப்பது எப்படி?

கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஊற்றாதீர்கள். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது. வெள்ளைத் தாளின்மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் செங்கல் நிறம் தெரிந்தால் நன்றாக முதிர்ந்திருக்கிறது.

முதலில் கோப்பையைச் சுழற்றாமல் முகருங்கள். பிறகு மெல்லச் சுழற்றி மீண்டும் முகருங்கள். பழைய ஒயினின் வாசனை நுட்பமானது, காற்றுப்பட்டதும் சீக்கிரம் கலையும். அதனால் அவசரமில்லாத, அகர்பத்தியும் சாம்பிராணியும் இல்லாத இடத்தில் உட்காருங்கள்.

ஒரு சிறு மிடறு எடுத்து வாய் முழுக்கப் பரவவிடுங்கள். புளிப்பு, துவர்ப்பு, பழச்சுவை மூன்றில் எதுவும் முந்தாமல் இருக்கிறதா? விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? நீண்டு நின்றால் நல்ல ஒயின். விழுங்காமல் துப்பிவிடவும் செய்யலாம். ஒயின் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க்கால் கெட்டது. வினிகர் நெடி என்றால் புளித்துவிட்டது. காய்ச்சிய ஜாம் வாசனை அடித்து வாயில் சப்பென்று இருந்தால் வெப்பத்தில் வெந்தது. இவை விஷமல்ல. ஆனால் குடிக்கவும் லாயக்கில்லை, கொட்டிவிடலாம். அடியில் தங்கிய வண்டல் மட்டும் குறையல்ல.

எதோடு சாப்பிடலாம்?

மிளகாய் தூக்கலான குழம்போடு வேண்டாம். காரம் நாக்கை எரித்தபின் ஒயினின் துவர்ப்பு கசப்பாகவே படும். காரம் குறைத்த ஆட்டுக்கறி, காளான் வறுவல் பொருந்தும். திறந்த அன்றே முடித்துவிடுங்கள். மறுநாள் வாசனை போயிருக்கும்.

இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

அதை நம்பிக் குடிக்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் சட்டமும் அனுமதிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர் சுங்க வரியின்றி 2 லிட்டர்வரை கொண்டுவரலாம், ரசீதை வைத்திருக்கச் சொல்லுங்கள். புதுச்சேரிக் கடையில் வாங்கி அனுமதியின்றி எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம்.

கடைசியாக: சுவைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது. நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விற்ற சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் மெத்தனால் (தொழிற்சாலைகளில் பயன்படும் விஷச் சாராயம்) கலந்திருந்தது. ஒயினிலும் இயற்கையாகவே அது மிகச் சிறிதளவு உண்டு, ஒயின் பழசாவதால் அந்த அளவு அதிகரிக்காது. ஆனால் கலப்படச் சாராயத்தில் இருக்கும் மெத்தனாலை மூக்கோ நாக்கோ கண்டுபிடிக்காது. எத்தனை நாள் வைத்தாலும் அதன் விஷம் இறங்காது.

குடித்தபின் வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, கண் மங்கல் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். அறிகுறி ஒரு நாள் கழித்தும் வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள். நேரத்தோடு போனால் உயிரையும் கண்ணையும் காக்கும் சிகிச்சை மருத்துவமனையில் இருக்கிறது. ஊரும் ஆண்டும் தெளிவாக எழுதிய, முத்திரை உடையாத பாட்டிலை ரசித்துச் சுவையுங்கள். யார் காய்ச்சினார், எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாராயத்தை, யார் கொடுத்தாலும், ஒரு சொட்டுகூட வாயில் வைக்காதீர்கள்.