அனுமதிக் கடிதமும் கடன் பத்திரமும்

மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலம் கடினமானது. இடம் கிடைக்காதோ என்பது ஓர் அச்சம். கிடைத்துவிட்டால் பணத்துக்கு எங்கே போவது என்பது மற்றோர் அச்சம். தென்காசியில் என் இல்லத் திண்ணைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், "ஐயா, இடம் கிடைத்தால் அப்பா வயலை அடகு வைத்துவிடுவார், கிடைக்காமற் போனாலே நல்லது என்று தோன்றுகிறது" என்றார்.

இவ்வச்சம் புதிதன்று. கணித மேதை இராமானுசன் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியம் பெற்ற எழுத்தர். 1914-இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றபோது, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அதில் 50 பவுன் குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. மேதைக்கும் வீட்டுக் கணக்கு இருந்தது.

அச்சத்துக்கு மருந்து கணக்கே. 10 இலட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்குத் தொடக்கத்திலேயே வாங்குவதாகக் கொள்வோம். படிக்கும் 2 ஆண்டும் அதன்பின் 1 ஆண்டும் தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் வட்டி உறங்காது. தனிவட்டியே 3 இலட்சம் ஆகிவிடும்.

அனுமதி வேறு, உதவித்தொகை வேறு என்பதையும் உணருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, தாம் அளிக்க முன்வரும் உதவித்தொகைக்கு ஏப்ரல் 15-க்கு முன் விடை கேட்டு மாணவரை நெருக்குவதில்லை என உடன்பட்டுள்ளன. ஆகவே பதறி ஒப்பாதீர்கள். உதவி உண்டா என எழுதிக் கேளுங்கள்.

அம்மாணவரும் நானும் அன்றே தாளெடுத்து, வயலைத் தொடாமல் எவ்வளவு கடன் தாங்கும் என வரம்பு கட்டினோம். அவர் முகம் தெளிந்தது.

குற்றாலத்தில் சாரல் என்று வருமென நாம் அறியோம். ஆயினும் ஆனி பிறக்குமுன் வாய்க்காலைத் தூர்வாரி வைக்கலாம் அல்லவா?