நாற்பது ஏக்கர்: அமெரிக்க அடிமை ஒழிப்பும் திரும்பப் பெறப்பட்ட விடுதலையும்



நம்மை விட்டுப் பிரிந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தப் பொழிவில் அமெரிக்காவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "ஏன், நம்மூரில் பேச ஒன்றுமில்லையா?" என்று அமைப்பாளர்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல 1873ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டில்தான் ஜோதிராவ் புலே மராத்தியில் 'குலாம்கிரி'யை வெளியிட்டார். கறுப்பின மக்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்கத் தியாகம் செய்த அமெரிக்க நன்மக்களுக்கு அந்த நூலைக் காணிக்கையாக்கினார். கடல் கடந்து நடந்த ஒரு விடுதலையைப் புனேயில் இருந்தவர் தன் வீட்டுச் செய்தியாக எடுத்துக்கொண்டார்.

அதே 1873, ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானா மாநிலத்தின் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரில், தேர்தலில் வென்ற தங்கள் தரப்பின் ஆட்சியைக் காப்பதற்காக நீதிமன்றக் கட்டடத்தில் அரண் அமைத்து நின்ற கறுப்பர்களை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் சூழ்ந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தது. வெளியே ஓடி வந்தவர்களைச் சுட்டது. சரணடைந்தவர்களைக் கைதிகளாகப் பிடித்து, இரவானதும் கொன்றது. செத்தவர்கள் 60 பேர் என்று குறைத்துச் சொல்பவர்களும் உண்டு, 150 பேர் என்று சொல்பவர்களும் உண்டு. புலேயின் காணிக்கையும் இந்தப் படுகொலையும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. இரண்டுமே உண்மை. இவை இரண்டும் எப்படி ஒரே வரலாற்றுக்குள் இருக்க முடிகிறது என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

நான் சமூகவியல் முதுகலை படித்தபோது இந்த வரலாறு ஒற்றை வரியில் முடிந்துபோனது: லிங்கன் அடிமைகளை விடுவித்தார். ஆண்டவர் கொடுத்தார், அடிமை பெற்றுக்கொண்டான் என்பது போல. இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு கதையும் உண்டு. போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காக நடந்தது என்பார்கள். இந்த இரண்டாவது கதையை உடைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பிரிந்துபோன மாநிலங்கள் தாங்களே எழுதிவைத்த காரணங்களைப் படித்தால் போதும். தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுதாகப் பிணைந்தது என்று மிசிசிப்பி மாநிலம் தன் அறிக்கையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று தென்மாநிலக் கூட்டரசின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் மேடையேறி முழங்கினார். தோற்ற பிறகுதான் 'மாநில உரிமை' அவர்கள் வாயில் வந்து உட்கார்ந்தது.

சண்டையின் வேர் 1787இல் எழுதப்பட்ட அரசமைப்பிலேயே இருக்கிறது. அடிமை என்ற சொல்லை அந்த ஆவணம் கவனமாகத் தவிர்த்தது. ஆனால் நாடாளுமன்ற இடங்களைப் பங்கிட மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. அதாவது, வாக்களிக்க முடியாத மனிதர்களின் தலைகளை எண்ணி, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரப்பட்டது. பிறகு 1793இல் எலி விட்னியின் பஞ்சரவை இயந்திரம் வந்தது. கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் வேலை எளிதாகியது, பருத்தி விளையும் பரப்பு விரிந்தது, அதற்குக் கைகள் தேவைப்பட்டன. எந்திரம் வந்தால் அடிமைத்தனம் ஒழியும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டபின் உள்நாட்டுச் சந்தை கொழுத்தது. வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து தெற்கின் பருத்திக் காடுகளுக்குச் சுமார் பத்து லட்சம் பேர் நகர்த்தப்பட்டார்கள். கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளை வேறிடம். 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். சந்தை விலையில் அவர்களுடைய மொத்த 'மதிப்பு' நாட்டின் ரயில்பாதைகள், ஆலைகள் எல்லாவற்றின் மதிப்பையும் மிஞ்சியது. ஒரு மூடநம்பிக்கையைக் காப்பாற்ற அவர்கள் போருக்குப் போகவில்லை. சொத்தைக் காப்பாற்றப் போனார்கள்.

மேற்கே புதிய நிலங்கள் சேரச் சேர, அங்கே அடிமை முறை உண்டா இல்லையா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வெடித்தது. 1820இல் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்துச் சமரசம் செய்தார்கள். 1854இல் கான்சாஸ், நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. கான்சாஸில் ரத்தம் சிந்தியது. நடுவே 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று பேசுகிறேன். வடக்கே தப்பி வந்த ஒருவரைப் பிடித்தால் விசாரிக்க ஓர் ஆணையர். பிடிபட்டவர் தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. நடுவர் குழு கிடையாது. அவரை விடுவித்தால் ஆணையருக்கு 5 டாலர். அடிமை என்று முடிவுசெய்து திருப்பி அனுப்பினால் 10 டாலர். எழுத்து வேலை அதிகம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். வட மாநிலங்களின் விருப்பத்தை மீறி ஒன்றிய அரசின் கையால் இந்தச் சட்டத்தைத் திணித்தவர்கள்தான் பின்னாளில் மாநில உரிமை பேசியவர்கள்.

1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்தது. 1859இல் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக்கிடங்கைத் தாக்கித் தூக்குமேடை ஏறினார். 1860 நவம்பரில் லிங்கன் வென்றார். இருக்கும் இடத்தில் அடிமை முறையை ஒழிப்பேன் என்று அவர் சொல்லவில்லை, பரவவிட மாட்டேன் என்றுதான் சொன்னார். அந்த அளவுகூட அவர்களுக்குப் பொறுக்கவில்லை. டிசம்பர் 20இல் தென் கரோலினா பிரிந்தது. 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டை மீது பீரங்கி முழங்கியது.

போர் தொடங்கியபோது லிங்கனின் நோக்கம் ஒன்றியத்தைக் காப்பது. அதை விடுதலைப் போராக மாற்றியவர்கள் அடிமைகளாக இருந்தவர்களே. 1861 மே மாதம் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூவர் இரவில் படகேறி, வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையில் இருந்த ஒன்றியப் படையிடம் போய்ச் சேர்ந்தார்கள். எஜமான் கேட்டு ஆளனுப்பினார். தளபதி பட்லர் வழக்கறிஞர். இவர்களை நீங்கள் உடைமை என்கிறீர்கள், எதிரியின் போர் உடைமையைப் பறிமுதல் செய்ய எனக்கு உரிமை உண்டு என்று மறுத்துவிட்டார். மனிதர் என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. செய்தி பரவி நூற்றுக்கணக்கில் வந்தார்கள், பிறகு ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில். 1862 மே மாதம் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்கிய இரவில், கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு 'பிளான்டர்' கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து குடும்பத்தோடு ஓட்டிச்சென்று ஒன்றியக் கடற்படையிடம் ஒப்படைத்தார். தோட்டங்களைக் கைவிட்டு மக்கள் வெளியேறியதை டு பாய்ஸ் 1935இல் எழுதிய நூலில் பொதுவேலைநிறுத்தம் என்று அழைத்தார். அந்தச் சொல்லைப் படித்த நாளில்தான் எனக்கு இந்த வரலாறு தலைகீழாகத் திரும்பியது.

1863 ஜனவரி 1இல் வந்த விடுதலைப் பிரகடனம் கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஆனால் அது கறுப்பர்கள் படையில் சேர வழி திறந்தது. ஏறத்தாழ 1,80,000 பேர் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர் பிச்சைக் கூலி வேண்டாம் என்று மாதக்கணக்கில் சம்பளமே வாங்காமல் போரிட்டார்கள். 1864இல் நாடாளுமன்றம் பணிந்து சமச் சம்பளம் தந்தது. இன்னொரு கணக்கும் உண்டு. 1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது ஆளுக்கு 300 டாலர் வரை இழப்பீடு வழங்கப்பட்டது. விடுதலை பெற்றவருக்கு அல்ல, அவரை வைத்திருந்தவருக்கு.

இனி நிலம். 1865 ஜனவரி 12 மாலை, ஜார்ஜியாவின் சவன்னா நகரில் தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் 20 கறுப்பினப் போதகர்களை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். இப்படி ஒரு கேள்வியை அந்த அரசு அவர்களிடம் கேட்பது அபூர்வம். அவர்களுக்காகப் பேசியவர் கேரிசன் ஃபிரேசியர். வயது 67. எட்டு ஆண்டுகளுக்கு முன்தான் 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுவித்தவர். நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது எங்களை நாங்களே காத்துக்கொள்வோம், விலைக்கு வாங்கும் நிலை வரும்வரை அது எங்கள் கையில் இருக்கட்டும் என்பது அவருடைய பதிலின் சாரம். நான்கே நாளில் ஷெர்மனின் 15ஆம் களஆணை வந்தது. கடலோர நிலப்பட்டையில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறி விதைத்தார்கள்.

ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். பின்வந்த ஆண்ட்ரூ ஜான்சன் முன்னாள் எஜமானர்களுக்கு மன்னிப்பு வழங்கி, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். இந்தச் செய்தியைச் சொல்ல அக்டோபரில் எடிஸ்டோ தீவுக்கு அனுப்பப்பட்டவர் தளபதி ஹோவர்டு. போரில் வலது கையை இழந்தவர், கெட்டவரல்லர். தேவாலயத்தில் கூடியிருந்த மக்களிடம் அவர் பேசத் தொடங்கியதும் 'முடியாது' என்ற குரல்கள் எழுந்தன. பழைய எஜமானர்களை மன்னியுங்கள் என்றார் அவர். தீவு மக்களின் குழு பின்னர் எழுதிய பதில் மனு இன்றும் இருக்கிறது. என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் தமக்கையையும் அடித்தவனை, இப்போது அவன் கொடுக்கும் நிபந்தனைக்குப் பணியாவிட்டால் வெற்றுக் குடிசையில்கூட இருக்கவிடாதவனை எப்படி மன்னிப்பது என்று கேட்கிறது அது. இந்த இடத்தில் உங்களில் பலருக்கு நம் பஞ்சமி நிலம் நினைவுக்கு வரும். அந்த ஒப்பீட்டை நான் செய்யப் போவதில்லை. இரண்டும் வேறு வேறு சட்ட வரலாறுகள், அவசரமாக முடிச்சுப் போட்டால் இரண்டையும் இழப்போம்.

1865 டிசம்பரில் 13ஆம் சட்டத் திருத்தம் நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்தது, குற்றத்துக்கான தண்டனை நீங்கலாக. அந்த 'நீங்கலாக' பின்னால் என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். அதற்குள்ளாகவே தென் மாநிலங்கள் 'கறுப்பர் சட்டங்கள்' எழுதத் தொடங்கிவிட்டன. மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் வேலையில் இருப்பதற்கான எழுத்துச் சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் நாடோடிக் குற்றம். அபராதம் கட்டமுடியாதவரைக் கட்டக்கூடியவரிடம் கூலிக்கு விடுவார்கள். இதைப் பார்த்துக் கொதித்த நாடாளுமன்றம் ஜான்சனை மீறிச் செயல்பட்டது. 1867இல் தெற்கைப் படையின் மேற்பார்வையில் வைத்தது. 1868இல் 14ஆம் திருத்தம் குடியுரிமை தந்தது. 1870இல் 15ஆம் திருத்தம் நிறத்தின் பேரால் வாக்கை மறுப்பதைத் தடைசெய்தது.

அடுத்த சில ஆண்டுகள் உண்மையிலேயே வியப்பானவை. சுமார் 2,000 கறுப்பர்கள் பொதுப் பதவிகளில் அமர்ந்தார்கள். 1870இல் ஹைரம் ரெவல்ஸ் செனட் சபையில் நுழைந்தார். கப்பலைக் கடத்திய ராபர்ட் ஸ்மால்ஸ் நாடாளுமன்ற உறுப்பினரானார். தென் கரோலினாவின் கீழவையில் கறுப்பர்கள் பெரும்பான்மை. தெற்கில் மாநிலம் முழுதுக்குமான இலவசப் பொதுப்பள்ளி முறையைக் கொண்டுவந்தவை இந்த அரசுகளே. அடிமைக்கு எழுத்தறிவிப்பது குற்றமாயிருந்த மண்ணில் பாட்டியும் பேரனும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். விற்கப்பட்ட பிள்ளையைத் தேடித் தாய்மார்கள் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார்கள். அந்த விளம்பரங்கள் இருபதாம் நூற்றாண்டிலும் வந்துகொண்டிருந்தன.

கோல்ஃபாக்ஸ் நடந்தது இந்த அரசுகளைக் கவிழ்க்கத்தான். கு கிளக்ஸ் கிளானும் பிற கும்பல்களும் ஆசிரியர்களையும் வாக்காளர்களையும் குறிவைத்தன. கோல்ஃபாக்ஸ் கொலையாளிகளில் ஏறத்தாழ நூறு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தண்டனை பெற்றவர்கள் மூவர். 1876இல் உச்ச நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. 14ஆம் திருத்தம் அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களை அல்ல என்றது. சட்டம் ரத்து செய்யப்படவில்லை. அது இருந்த இடத்திலேயே செயலற்றுப்போனது. 1877இல், சிக்கலாகிப்போன அதிபர் தேர்தலை முடித்துவைத்த பேரத்தையடுத்து, தெற்கில் எஞ்சியிருந்த அரசுகளுக்குக் காவல் நின்ற படை விலக்கப்பட்டது. வடக்கின் முதலாளிகளுக்குப் பருத்தியும் அமைதியும் போதுமாயிருந்தது.

நிலமில்லாதவர் பழைய எஜமானின் நிலத்தையே வாரத்துக்கு உழுதார். விதைக்கும் உணவுக்கும் கடைக்காரனிடம் கடன், அறுவடைக்குப் பிறகும் கணக்கு தீராது. 'குற்றத்துக்கான தண்டனை நீங்கலாக' என்ற சந்தில் சிறைக்கைதிகளைச் சுரங்கங்களுக்கும் ரயில்பாதை வேலைகளுக்கும் வாடகைக்கு விட்டார்கள். வாக்கும் போனது. தாத்தா வாக்களித்திருந்தால் எழுத்தறிவுத் தேர்வு வேண்டாம் என்று லூசியானா 1898இல் விதி செய்தது. 1896இல் அங்கே பதிவுபெற்ற கறுப்பு வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர்.

கறுப்பர் ஆட்சி ஊழலும் அராஜகமுமே என்ற வரலாற்றை எழுதித்தந்தவர்கள் பல்கலைக்கழகத்தார். அந்தப் பள்ளியின் தலைவர் வில்லியம் டன்னிங், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1913 முதல் 1916 வரை அதே வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தார் அண்ணல் அம்பேத்கர். 1915இல் கிளானை வீரர்களாகக் காட்டிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' திரைப்படம் அதே நியூயார்க் நகரில் ஓடியது. அவர் அதைப் பார்த்தாரா என்பதல்ல என் அக்கறை. 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதாருக்குச் செய்தது என்ன என்று அவர் எழுதிய நூலில் இந்த வரலாற்றை எடுத்துப் பேசுகிறார். போரில் ரத்தம் சிந்திய கறுப்பர்கள் பின்னர் கைவிடப்பட்டதைச் சுட்டி, அந்த நிலை நமக்கு வராதிருக்கத்தான் விடுதலைக்கு முன்பே உறுதியான பாதுகாப்புகளைக் கேட்கிறோம் என்கிறார். மறு ஆண்டு டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார், தீண்டத்தகாதாரும் அதே வழியில் போக எண்ணுவதாகச் சொன்னார். 1946 ஜூலை 31 தேதியிட்டு டு பாய்ஸ் பதில் எழுதினார். அம்பேத்கரின் பெயரைத் தான் முன்பே அறிந்திருப்பதாகவும், தீண்டத்தகாதார் மீது தனக்கு முழுப் பரிவு உண்டென்றும் அதில் இருக்கிறது.